சுவரைத் தட்டியவர்கள்

எங்கள் அலீன் குடும்பத்தில் ஒருவர் சபையில் வாசித்தால் சபை அடங்கியிருக்கும். என் தகப்பனார் பார்படோஸில் பிரிட்ஜ்டவுன் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தபோது யாரும் இருமியதுகூட இல்லை. ஆகவே என் தம்பி வெர்னனின் மகள் கெசையா, லண்டன் டெட்ஃபர்டில் ஒரு பழைய கிடங்கில் சாக்ஸபோன் வாசிக்கப் போகிறாள் என்று கேட்டதும் என் சாம்பல் நிற சூட்டை எடுத்து இஸ்திரி போட்டேன். வெர்னன் ஓய்வு பெற்று ஊருக்கே போய்விட்டான். லண்டனில் அவளுக்குக் குடும்பம் என்றால் நான்தான்.

அது அவளுடைய முதல் இசைத்தட்டு. கூட்டத்தை வைத்துக்கொண்டு வாசித்து, அதை அப்படியே பதிவு செய்வதாக ஏற்பாடு. கம்பெனி அவளுக்குக் கொடுத்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அன்று சரியாக வராவிட்டால் தட்டு இல்லை.

வாசலில் டிரம்ஸ் வாசிக்கிற டேயோ நின்றிருந்தான்.

"வாங்க அங்கிள். யாருக்குக் கல்யாணம்?" என்றான் என் சூட்டைப் பார்த்து.

"உன் பேன்ட் ஏன் முட்டியில கிழிஞ்சிருக்கு?"

"கடையிலயே அப்படித்தான் குடுத்தாங்க அங்கிள்."

"திருப்பிக் குடுத்திருக்கணும்."

உள்ளே நாற்காலியே இல்லை. நான் கேட்டு வாங்கி ஒன்று போட்டுக்கொண்டேன். மற்றவர்கள் எல்லாரும் கையில் பீரும் தலையில் தொப்பியுமாக மேடையை ஒட்டி நின்றார்கள். கெசையா சாக்ஸபோன் ஊதுவாயில் செருகும் நாணல் பட்டையை நாக்கில் நனைத்தபடியே என்னிடம் வந்தாள்.

"பெரியப்பா, கொஞ்சம் சத்தமா இருக்கும். பயந்துக்காதீங்க."

"அலீன் குடும்பத்துல யாரும் பயந்ததில்ல. நிமிர்ந்து நின்னு வாசி."

நிமிர்ந்துதான் நின்றாள். நன்றாகவும் வாசித்தாள். அவளுடைய கீழ்ஸ்வரங்களில் என் தகப்பனாரின் ஆர்கன் கேட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியாக, தட்டுக்கே பெயர் கொடுக்கப்போகிற புதுப் பாட்டை எடுத்தாள். ஒரு சின்ன மெட்டை மறுபடி மறுபடி வாசித்து, ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே ஏற்றிக்கொண்டு போனாள்.

அப்போதுதான் அந்தக் கூட்டம் தகரச் சுவரை உள்ளங்கையால் அறைய ஆரம்பித்தது. ஒருவன் அறைந்தான், பிறகு எல்லாரும் அறைந்தார்கள். "நிறுத்து! நிறுத்து!" என்று கத்தல். டேயோ கையை நிறுத்தினான். கெசையா பாதி மெட்டில் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

என் கண்ணெதிரில் என் தம்பி மகளை விரட்டுகிறார்கள். நான் மேடை ஏறி மைக்கைப் பிடித்தேன்.

"என்ன பழக்கம் இது? யார் வீட்டுப் பிள்ளைங்க நீங்க? இவ வெர்னன் அலீன் பொண்ணு. பிடிக்கலன்னா வெளிய போ. சுவரை எதுக்கு அடிக்கிறே? சுவர் என்ன பண்ணுச்சு? டேய் சிவப்புத் தொப்பி, உன்னைத்தான். அலீன் பொண்ணு வாசிக்கும்போது தொப்பியைக் கழட்டு! அப்புறம் இந்த டிரம்ஸ்காரன். முட்டி தெரிய உக்காந்திருக்கான். இவனைப் பார்த்துத்தான் நீங்கல்லாம் கெட்டுப்போறீங்க."

கூட்டம் கப்சிப். டேயோ குனிந்து என் காதருகே வந்தான்.

"அங்கிள், அவங்க பாராட்டுறாங்க. ரொம்பப் பிடிச்சுப்போச்சுன்னா சுவரைத் தட்டி நிறுத்தச் சொல்வாங்க. நாங்க முதல்லேர்ந்து திரும்ப வாசிக்கணும். ஜமைக்காக்காரங்க வீட்டு டான்ஸ்ல இசைத்தட்டு போடுற காலத்துலேர்ந்து உள்ள வழக்கம். உங்களுக்குத் தெரியாதா?"

"நாங்க பார்படோஸ்காரங்க. அந்த மாதிரி டான்ஸுக்கெல்லாம் போனதில்ல."

இதுவும் மைக்கில் கேட்டுவிட்டது. யாரோ சிரித்தார்கள். ஆனால் கூட்டத்தின் சூடு ஆறிவிட்டது. இனி முதலிலிருந்து வாசித்தாலும் அந்த ஏற்றம் வராது என்று எனக்கே தெரிந்தது. பதிவுக் கருவிக்குப் பின்னால் கம்பெனிக்காரப் பெண் இமோஜன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். நான் இறங்கத் திரும்பினேன்.

"இறங்காதீங்க பெரியப்பா" என்றாள் கெசையா. "தொப்பி பத்திச் சொன்னீங்களே, அதை இன்னொரு தரம் சொல்லுங்க. அதே கோவத்தோட."

கோபம் குறையவே இல்லை. சொன்னேன். அவள் அதை அப்படியே சாக்ஸபோனில் திருப்பிச் சொன்னாள்: அதே ஏற்றம், அதே இறக்கம், கடைசியில் அதே அதட்டல். டேயோ டிரம்ஸில் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டான். நான் சுவர் என்ன பண்ணியது என்று கேட்டேன், அவளும் கேட்டாள். எங்கள் வேகம் கூட்டத்துக்கும் ஏறிவிட்டது. தொப்பிகள் கூரைக்குப் பறந்தன. பிறகு அவள் பழைய மெட்டுக்குத் திரும்பினாள். அது முன்பு போன உயரத்தையும் தாண்டிப் போனது. நான் மைக்கை விடாமல் நிமிர்ந்து நின்றேன்.

அடுத்த வாரம் அவளும் இமோஜனும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"சார், அதுதான் தட்டுலயே பெஸ்ட்" என்றாள் இமோஜன். "உங்க குரலை வெச்சுக்க அனுமதி வேணும். ஆனா அந்த முட்டி விஷயத்தை மட்டும் வெட்டிடறோம்."

"சபையில சொன்ன சொல்லை நாங்க வாபஸ் வாங்கறதில்ல. ஒரு வார்த்தை போகக் கூடாது. அட்டையில கத்பர்ட் அலீன்னு முழுப் பேரும் வரணும்."

"பெரியப்பா, நீங்க பேசினதே தட்டோட ஒரு பக்கத்துல பாதி வருது" என்றாள் கெசையா. "தட்டுல இடம் பத்தாது."

"அப்போ உன் வாசிப்பைக் குறைச்சுக்கோ."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு இமோஜன் பக்கம் திரும்பி, "ரெண்டு தட்டாப் போட்டுடலாம்" என்றாள்.