நார்மனின் காலுக்குத் தடவிய களிம்பு

எட்னா ராக்ளிஃபின் சலவையைக் குறை சொல்லிவிட்டு இங்கிலாந்தின் ஃப்ளீட்வுட் துறைமுக ஊரில் நிம்மதியாக நடமாடியவர் யாரும் கிடையாது. திங்கட்கிழமை காலையில் அவள் கொடியில் படுக்கை விரிப்புகள் ஏறினால், பக்கத்து வீட்டு ஐவி தன்னுடையவற்றை உருவி உள்ளே கொண்டுபோய்விடுவாள். அருகருகே தொங்கினால் ஐவியின் வெள்ளை, தேநீரில் தோய்த்த வெள்ளையாகத் தெரியும். இதை ஐவியே சொல்லியிருக்கிறாள், அதுவும் இறைச்சிக் கடை வரிசையில், எல்லோர் காதிலும் விழும்படி.

அப்பேர்ப்பட்ட எட்னா தன் கணவர் நார்மனை முதியோர் இல்லத்தில் சேர்த்த முதல் வாரமே அங்கே ஓர் அநியாயம் நடந்தது. அவள் பார்க்கப் போனபோது நார்மன் வேறு யாருடைய கால்சட்டையையோ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடுப்புப் பட்டியில் 'ஆர்தர்' என்று பெயர் தைத்திருந்தது.

"அம்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். இன்னொருத்தன் பேன்ட்டுக்குள்ள என் புருஷனைப் பார்க்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?" என்று அவள் போட்ட சத்தம் டிராம் நிறுத்தம் வரை கேட்டது என்பார்கள். நிறுத்தம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. இருந்தாலும் எட்னாவின் குரலைத் தெரிந்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

அன்றோடு இல்லத்துச் சலவைக்கும் நார்மனுக்கும் இருந்த உறவு முறிந்தது. தினமும் மதியம் இரண்டு மணி டிராமில் எட்னா கட்டம்போட்ட சக்கரப் பையை இழுத்துக்கொண்டு ஏறுவாள். போகும்போது பையில் இஸ்திரி போட்டு மடித்த பைஜாமா இருக்கும், வரும்போது அழுக்குப் பைஜாமா. வழியில் யார் பேச்சுக் கொடுத்தாலும் நிற்கமாட்டாள். மூன்று மணிக்குள் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. அந்த வேலை என்னவென்று தெருவுக்கே தெரியும். அதற்குப் பின்னால் இருந்த காரணம் மட்டும் யாருக்கும் தெரியாது.

நார்மனுக்கு எண்பத்தொரு வயது. முப்பது வருடம் மீன்பிடிக் கப்பலில் ஐஸ்லாந்துப் பக்கம் போய் வந்தவர். உப்புத் தண்ணீரும் ரப்பர் பூட்ஸும் சேர்ந்து அவர் கால் தோலைப் பாளம் பாளமாக வெடிக்க வைத்திருந்தன. போன கப்பல்களின் பெயர், கூட இருந்தவர்களின் பட்டப்பெயர், எந்தக் கடலில் எந்த மாதம் என்ன மீன் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பெண்டாட்டி பெயர் மட்டும் தெரியாது. எட்னா உள்ளே நுழைந்தால், "வாங்க மிஸ்ஸு, உட்காருங்க" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் ஒருநாளும் காட்டாத மரியாதை. அந்த மரியாதைதான் எட்னாவைத் தின்றது.

ஆனால் இரண்டரை மணிக்கு அவள் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, பைஜாமாவை முழங்கால் வரை சுருட்டி, பாரஃபின் களிம்பை அள்ளித் தேய்க்கத் தொடங்குவாள். வெள்ளையாக, கெட்டியாக, பிசுபிசுவென்று இருக்கும் களிம்பு. வருடக்கணக்காக வீட்டில் அவளே தேய்த்தது. கணுக்காலில் தொடங்கி முழங்காலுக்குப் பின்பக்கம் விரல் போய்ச் சேரும்போது நார்மன் சட்டென்று காலை இழுப்பார்.

"எட்னா! சனியனே, உன் கை ஐஸ் மாதிரி இருக்குடி!"

அவ்வளவுதான். மனுஷன் வந்துவிட்டார். அதன்பிறகு அரைமணி நேரமோ முக்கால் மணி நேரமோ அவர் அவளுடைய நார்மன். மூன்று மணிக்கு இல்லத்துப் பின்தோட்டத்துக் குடிசையில் உட்கார்ந்து ஒரு சிகரெட் பிடித்துக்கொண்டே அவளோடு சண்டை போடுவார், ஐவியைக் கிண்டல் செய்வார், செத்துப்போன நாய்க்குச் சாப்பாடு வைத்தாயா என்று கேட்பார். சிகரெட் தீரும்போது கொஞ்சம் கொஞ்சமாக அவள் மறுபடி 'மிஸ்ஸு' ஆகிவிடுவாள். மறுநாள் மறுபடி டிராம், மறுபடி களிம்பு.

சிகரெட்டுக்கு இல்லத்தில் ஆயிரம் சட்டம். பாக்கெட்டும் லைட்டரும் அலுவலகத்தில் பூட்டிக் கிடக்கும். ஒரு நாளைக்கு ஒன்றுதான். தீப்பிடிக்காத துணியில் தைத்த ஏப்ரனைக் கழுத்திலிருந்து முழங்கால்வரை கட்ட வேண்டும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் நான்தான் என்று எட்னா கையெழுத்துப் போட்டிருந்தாள்.

செப்டம்பரில் இல்லத்து நிர்வாகி ஹெஸ்கெத் அம்மாள் ஏதோ தீத்தடுப்பு வகுப்புக்குப் போய்விட்டு வந்தாள். வந்ததும் எட்னாவை அறைக்குள் கூப்பிட்டு, களிம்பு டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

"மிஸஸ் ராக்ளிஃப், சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு இனிமே இது கூடாது. பாரஃபின் துணியில ஊறிடும். அப்புறம் ஒரு பொறி பட்டாப் போதும், விளக்குத் திரி மாதிரி பத்திக்கும்."

"துணி ஊறினா நான் துவைக்கிறேன். தினமும் துவைச்சுத்தானே கொண்டு வர்றேன்?"

"துவைச்சாலும் முழுசாப் போகாதாம்."

இங்கேதான் ஹெஸ்கெத் அம்மாள் தவறு செய்தாள். செத்துப்போவார், எரிந்துபோவார் என்று சொல்லியிருந்தால் எட்னா ஒருவேளை காது கொடுத்திருப்பாள். துவைத்தாலும் போகாது என்று எட்னா ராக்ளிஃபிடம் போய்ச் சொல்லலாமா?

"போகாதா? யாரு துவைச்சாப் போகாது? உங்க மெஷின்ல போகாது. ஆர்தர் பேன்ட்டையும் என் வீட்டுக்காரர் பேன்ட்டையும் ஒண்ணாப் போட்டு அலசுற மெஷின்ல எப்படிப் போகும்?"

"உங்க துவைப்பைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை..."

"சொன்னீங்க. இப்பத்தான் சொன்னீங்க."

அன்று மாலை இந்தச் செய்தி தெரு முழுக்கப் பரவியது. தெரு ஒருமனதாக எட்னா பக்கம் நின்றது. "எட்னா கையில போகாத கறையா? நல்லாருக்கே கதை!" என்று ஐவியே சொன்னாள். களிம்பைப் பற்றியோ நெருப்பைப் பற்றியோ ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதெல்லாம் சலவையைப் பற்றித்தான்.

இருந்தாலும் சட்டம் சட்டம்தான். களிம்பா சிகரெட்டா, இரண்டில் ஒன்று என்றாள் ஹெஸ்கெத் அம்மாள். சிகரெட்டை நிறுத்தினால் நார்மன் நாற்காலியைத் தூக்கி அடிப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே களிம்பு போனது. அதற்குப் பதிலாக, அமுக்கினால் பீய்ச்சும் பாட்டிலில் தண்ணீர் மாதிரி ஒரு கிரீம் வந்தது.

ஒன்பது நாள் எட்னா அதைத் தேய்த்தாள். தேய்ப்பதற்குள் காய்ந்துவிடும். விரல் வழுக்காது. அதில் பழைய வாசனை கிடையாது. நார்மன் காலை இழுக்கவே இல்லை. ஒன்பதாம் நாள் அவள் தலையைக் குனிந்து பார்த்துவிட்டு, அன்பாகக் கேட்டார்: "நல்லாத் தேய்க்கிறீங்க மிஸ்ஸு. இங்க உங்களுக்கு ஒழுங்காச் சம்பளம் குடுக்குறாங்களா?"

"குடுக்குறாங்க," என்றாள் எட்னா.

பத்தாம் நாள் அவள் வீட்டு அலமாரியில் மிச்சமிருந்த பழைய களிம்பை எடுத்து, காலியாகிப்போன ஒரு கோல்டு கிரீம் ஜாடியில் நிரப்பி, பைஜாமாவுக்கு நடுவில் வைத்து எடுத்துப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தாள். முழங்காலுக்குப் பின்னால் விரல் போனது.

"எட்னா! எங்கடி போய்த் தொலைஞ்சே இத்தனை நாளா?"

அவள் அவர் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

இல்லத்தில் நார்மனைக் கவனித்துக்கொள்ளும் ஷெல்லி, எட்னாவின் தெருவிலேயே வளர்ந்த பெண். ஒருநாள் அந்த ஜாடி அவள் கண்ணில் பட்டது.

"இது என்னது எட்னா?"

"என் கைக்குடி கண்ணு. குளிருக்கு வெடிக்குது."

ஷெல்லி ஜாடியைப் பார்த்தாள். எட்னாவின் முகத்தைப் பார்த்தாள். அறைக்குள் நார்மன் "எட்னா, லைட்டர் எங்கடி?" என்று அதட்டிக்கொண்டிருந்தார். "சரி, மூடியை நல்லா மூடி வைங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எட்னாவுக்குப் பயமே இல்லை என்று சொல்லமுடியாது. அன்றிலிருந்து அறுபது டிகிரிக்குப் பதில் தொண்ணூறு டிகிரியில் துவைத்தாள். சோப்புத்தூளை இரண்டு மடங்கு போட்டாள். காய்ந்ததும் பைஜாமாவை முகத்தருகில் வைத்து மோந்து பார்ப்பாள். சோப்பு வாசனையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஏப்ரன் இருக்கிறது. நான் பக்கத்திலேயே இருக்கிறேன். கண் முன்னால் என்ன ஆகிவிடும்?

அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, கடலிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. குடிசையின் ஒரு பக்கம் திறப்பு. நான்கு முறை லைட்டர் அணைந்தது. எட்னா தன் கோட்டை விரித்து மறைத்துப் பற்றவைத்துக் கொடுத்தாள். கோட்டுப் பொத்தான் குத்துகிறதென்று நார்மன் திட்டினார். ஐவியின் மூத்த மகன் மறுபடியும் கல்யாணம் செய்யப்போகிறான் என்று எட்னா சொன்னாள். "மறுபடியுமா? அவனுக்கு வேற பொழுதுபோக்கே கிடையாதா?" என்று நார்மன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்ததில் சாம்பல் உதிர்ந்தது. காற்று ஏப்ரனின் ஓரத்தைத் தூக்கியது.

எட்னா அந்தப் பொறி விழுந்ததைப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே, பைஜாமாவின் மடிப்பில், கடுகளவு சிவப்பு. தட்டிவிடலாம் என்று குனிந்தாள். குனிவதற்குள் கால் முழுக்கத் தீ.

"எட்னா, காலு சுடுதுடி," என்றார் நார்மன், தேநீர் சூடாக இருக்கிறது என்று சொல்வதைப் போல.

சுவரில் சிவப்புப் பெட்டிக்குள் தீயை அணைக்கும் போர்வை மடித்து வைத்திருந்தது. ஒவ்வொரு நாளும் அதன் பக்கத்தில்தான் எட்னா உட்கார்வாள். அந்த நேரத்தில் அது அவள் நினைவுக்கே வரவில்லை. அரைமணி நேரத்துக்கு முன்னால் களிம்பு தேய்த்த அதே கைகளால் அடித்தாள். கைகளும் பற்றிக்கொண்டன. சத்தம் கேட்டு ஓடிவந்த ஷெல்லிதான் போர்வையைப் பிடுங்கி இருவர் மேலும் போட்டு அழுத்தினாள்.

தீயணைப்பு அதிகாரி மறுநாள் ஆஸ்பத்திரிக்கே வந்தார். நரைத்த மீசை, மெதுவான பேச்சு. ஷெல்லியை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்திருப்பதாகச் சொன்னார். எட்னாவின் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை கட்டுப்போட்டு மடியில் கிடந்தன.

"அவ மேல எழுதாதீங்க. களிம்பு நான் கொண்டு போனது. என் கைக்குன்னு அவகிட்டப் பொய் சொன்னேன்."

அவர் எழுதிக்கொண்டார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்கமாட்டாள்.

"தொண்ணூறு டிகிரில துவைச்சேன்," என்றாள் எட்னா. "ரெண்டு பங்கு சோப்பு போட்டேன்."

அவர் பேனாவை மூடினார். "கொதிக்க வச்சாலும் போகாதும்மா. மாசக்கணக்கா உள்ளயே உக்காந்திருக்கும். யாரு துவைச்சிருந்தாலும் இப்படித்தான்."

யார் துவைத்திருந்தாலும் என்று அவர் சொன்னது ஆறுதலுக்காக. எட்னா தலையை மட்டும் ஆட்டினாள்.

தெருவில் அந்த வாரம் யாரும் துணி காயப்போடவில்லை. மழை என்று சொல்லிக்கொண்டார்கள். ஐவி கேக் ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த எட்னாவின் வாசல்வரை போனாள், கதவைத் தட்டாமல் படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். தட்டியிருந்தாலும் எட்னாவால் திறந்திருக்க முடியாதுதான். கைப்பிடியைத் திருப்ப விரல் வேண்டுமே.

ஆறாம் நாள் நார்மன் கண் விழித்தார். இடுப்புக்குக் கீழே போர்வை படாதபடி ஒரு கூடு வைத்திருந்தார்கள். அதற்குள் கால்கள் வெள்ளைப் பொதியாகக் கிடந்தன. இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் காலையிலேயே அவளிடம் சொல்லியிருந்தார். எட்னா கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ்ஸு," என்றார் நார்மன். குரல் கரகரத்தது. "கோவிச்சுக்காதீங்க. அந்த நாற்காலியைக் கொஞ்சம் விடுறீங்களா? என் வீட்டுக்காரி வர்ற நேரம்."

"நான்தான்யா. எட்னா."

நார்மன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இல்லை. தெரியாத ஊரில் யாரோ தப்பாக அழைத்தால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

"விளையாடாதீங்க. எட்னா கை எனக்குத் தெரியாதா?"

அவள் தன் கைகளைப் பார்த்தாள். இரண்டு பஞ்சு உருண்டைகள். அவர் காலைப் பார்த்தாள். தொடுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை, அவரிடம் தொட இடமும் இல்லை. குனிந்து அவர் நெற்றியில் கன்னத்தை வைத்தாள். ஐம்பத்தாறு வருடத்தில் அவள் அப்படி வைத்ததே இல்லை. அவர்கள் அந்த மாதிரி ஜோடி இல்லை. நார்மன் கூச்சத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஐயய்யோ, அவ பார்த்தா வம்பு," என்றார்.

எட்னா எழுந்தாள். நாற்காலியை முழங்கையால் நகர்த்தி, வருகிறவர் உட்கார வசதியாகக் கட்டிலைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். திரைக்கு வெளியே வந்து நின்றாள்.

"ஏம்மா இங்க நிக்கிறீங்க? உள்ள உட்காருங்க," என்றாள் அந்த வழியாக வந்த நர்ஸ்.

"பரவாயில்லை கண்ணு," என்றாள் எட்னா. "அவரு சம்சாரம் வரப்போகுதாம்."

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மூச்சு நிற்கும்வரை நார்மன் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.