பன்னிரண்டாவது வண்டியின் படிவம்

கோவளம் ஸ்டாண்டில் ஓடிக்கொண்டிருந்த பன்னிரண்டு மின்சார ஆட்டோக்களையும் திருப்பி எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். இதைக் கடிதத்தில் எழுத தெய்வநாயகிக்கு மனம் வரவில்லை. நேரில் போய்ச் சொல்லுவோம் என்று சனிக்கிழமை காலை செங்கல்பட்டில் பஸ் ஏறினாள்.

அந்த வண்டிகள் ஒரு கூட்டு ஆராய்ச்சிக்காக வந்தவை. மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்று, ஒயர் இணைப்புகள் செய்யும் கம்பெனி ஒன்று, தெய்வநாயகி வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரி. மூவருமாகச் சேர்ந்து, கடற்காற்றில் மின்சார ஆட்டோ எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க, கோவளத்துப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு வண்டி கொடுத்திருந்தார்கள். ஓட்டிப் பிழைப்பது அவர்கள். ஓட்டத்தைப் பதிந்துகொள்வது இருக்கைக்கு அடியில் இருந்த சின்னக் கறுப்புப் பெட்டி.

முதல் ஆறு மாதம் எல்லாம் நன்றாகப் போயிற்று. அதன் பிறகு வண்டிகள் நடு ரோட்டில் நிற்க ஆரம்பித்தன. பிரித்துப் பார்த்தால் மோட்டாருக்குப் போகும் ஒயர் இணைப்பில் பச்சைப் பசேலென்று களிம்பு. "உங்கள் இணைப்பின் மூடி சரியில்லை" என்றார் மோட்டார் கம்பெனி ராஜாராம். "உங்கள் மோட்டார் சூடு தாங்காமல் மூடி பிளக்கிறது" என்றார் ஒயர் கம்பெனி கேசவன். நாலு கூட்டம் இப்படியே நடந்தது. திங்கட்கிழமை ஐந்தாவது கூட்டம். அதற்குள் காரணம் தெரியாவிட்டால் வண்டிகளைத் திருப்பி எடுத்து, அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டு போவது என்று பேசி முடித்துவிட்டார்கள்.

கோவளத்தில் இறங்கியபோது உப்புக் காற்று முகத்தில் பிசுபிசுத்தது. ஸ்டாண்டில் நின்றவர்களிடம் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னாள்.

"குடுப்பாங்கோ, புடுங்குவாங்கோ. நாம இன்னா பண்றது?" என்றாள் துர்காதேவி, எல்லாரிலும் வாய்த்துடுக்கானவள். "போன வாரம்தான் புது சீட் கவர் போட்டேன். அத்தையாவது கயட்டிக்கலாமா மேடம், இல்ல அதுவும் ஆராய்ச்சியா?"

அப்போது கடைசி வண்டியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். நாற்பது வயதிருக்கும்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். எல்லா வண்டிக்கும் மாசாமாசம் ஆள் வந்து பொட்டிய தொறந்து பாத்தாங்கோ. என் வண்டிக்கு மட்டும் அஞ்சு மாசமா யாரும் வர்ல. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"உங்க பேர் என்ன?"

"வேண்டா."

"என்ன வேண்டாம்?"

"பேரே அதான் மேடம்!" ஸ்டாண்டே சிரித்தது. "நாலாவதும் பொண்ணு. போதும் சாமின்னு இந்தப் பேர வெச்சாங்கோ. அஞ்சாவதும் பொண்ணா பொறந்திச்சி. அதுக்கு இன்னா பேர் வெக்கிறதுன்னு எங்கப்பன் ஒரு மாசம் முழிச்சிகினு இருந்தாரு."

தெய்வநாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து மாதத்துக்கு முன் அவளுடைய அலுவலக மேசையில் வந்து விழுந்த ஒரு படிவம் கண்முன் நின்றது. அடுத்த ஆறு மாதமும் ஆய்வில் தொடர்வதற்கான சம்மதப் படிவம். மேலே வண்டி எண் மட்டும். கீழே "தொடர விருப்பம்" என்று ஒரு கோடு, அதற்குக் கீழே "கையொப்பம்" என்று ஒரு கோடு. பன்னிரண்டாவது வண்டியின் படிவத்தில் கையொப்பக் கோடு காலி. விருப்பக் கோட்டில் குண்டு எழுத்தில் ஒரே சொல்: வேண்டா.

தெய்வநாயகி சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவள். இப்படி ஒரு பேர் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. விருப்பமில்லாதவரை வற்புறுத்தக் கூடாது என்று, நல்லது செய்வதாக நினைத்து, வண்டியை ஓட்டிப் பிழைக்க விட்டுவிட்டு, அதன் எண்ணை மட்டும் ஆய்வுப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டாள். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

"தப்பு உங்க மேல இல்லம்மா, என் மேல" என்று நடந்ததைச் சொன்னாள். வேண்டா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பிறகு, "வுடு மேடம். இஸ்கோல்ல கூட வாத்தியாரு உன் பேர் இன்னான்னு கேட்டு, நான் சொன்னதும் அடிச்சிட்டாரு" என்றாள்.

"உங்க வண்டி எத்தனை தடவை நின்னுது?"

"நிக்கவே இல்லையே."

"ஒரு தடவைகூட?"

"நீதான் மீன் கூடை எல்லாத்தையும் ஏத்துற" என்று துர்காதேவி குறுக்கே வந்தாள். "நியாயமா உன் வண்டிதான் மொதல்ல மக்கிப் பூட்டுருக்கணும்."

மீன் விற்கும் பெண்களை மற்றவர்கள் ஏற்றுவதில்லை. கூடைத் தண்ணீர் சொட்டும், நாற்றம் போகாது. வேண்டா ஏற்றுவாள். அதோடு லாரியில் வரும் நல்ல தண்ணீரை இரண்டு கேனில் பிடித்து வைத்திருப்பாள். இறங்கும் இடத்தில் அவர்கள் கை கால் கழுவிக்கொள்ள ஊற்றுவாள். மிச்சத்தை வண்டியின் தரையிலும் அடியிலும் கொட்டிக் கழுவிவிடுவாள்.

"கவிச்சியோட தெருவுக்குள்ள போனா மூஞ்ச சுளிக்கிறாங்கோ மேடம். பாவம், அதுங்களும் மனுசங்கதானே. அதுக்கு ஊத்தப் போயி, வண்டியும் குளிச்சிக்குது."

"மத்தவங்க வண்டி கழுவறது எந்தத் தண்ணியில?"

வேண்டா ஸ்டாண்டு ஓரத்துப் போர் குழாயைக் காட்டினாள். வெள்ளிக்கிழமை தோறும் பூசை போடுவதற்கு முன்னால் பதினோரு பேரும் அதில்தான் ஓஸ் மாட்டி, சக்கரத்துக்கு அடி வரை பீய்ச்சிக் கழுவுகிறார்கள். தெய்வநாயகி குழாயைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது.

அன்றே வேண்டாவின் வண்டிப் பெட்டியில் இருந்த பதிவை எடுத்துக்கொண்டாள். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். ஐந்து மாதம் தினமும் ஓடியும் பன்னிரண்டாவது வண்டி ஒரு முறைகூட நிற்கவில்லை. மற்ற வண்டிகளில் பெரும்பாலானவை சனி, ஞாயிறில்தான் நின்றிருந்தன.

காரணம் கிடைத்துவிட்டது: வெள்ளிக்கிழமை பீய்ச்சி அடிக்கும் உப்புத் தண்ணீர். ஆனால் இன்னொன்றும் அவளை உறுத்தியது. "புதிதாகக் கிடைத்த பதிவு" என்று சொல்லிவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். படிவத்தைப் பற்றிச் சொன்னால், ஐந்து மாதத்தை வீணடித்தது கல்லூரிதான் என்று இரண்டு கம்பெனிகளும் பிடித்துக்கொள்ளும். திங்கட்கிழமை விளக்கேற்றிக் கும்பிடும்போது, 'முருகா, நாக்கு பின்வாங்காமப் பாத்துக்கோ' என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.

கூட்டத்தில் முதல் வார்த்தையாகவே அதைச் சொன்னாள். படிவத்தை மேசையில் வைத்து, "இது பேர். நான் மறுப்புன்னு படிச்சேன். விசாரிக்காதது என் தப்பு" என்றாள். பிறகு மீன் கூடை, போர் குழாய், நல்ல தண்ணீர் என்று எல்லாவற்றையும் விளக்கினாள்.

ராஜாராம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வெடிக்கப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். பேசியது கேசவன்.

"எங்க மூடியை நாங்க சோதிச்சது எல்லாம் நல்ல தண்ணியிலதான் மேடம்" என்றார் மெதுவாக. "உப்புத் தண்ணி சோதனை பாக்கி இருந்துச்சு. அவசரத்துல விட்டுட்டோம். உங்ககிட்ட சொல்லல."

ராஜாராம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த இணைப்பை நாலு விரல்கடை கீழ இறக்கினோம், சீட்டுக்கு இடம் வேணும்னு. ஓஸ் தண்ணி நேரா அங்கதான் அடிக்கும். நானும் சொல்லல." பிறகு, "அந்தம்மா படிவத்துல ஒரு சொல்லாவது எழுதிட்டாங்க. நாம ஒருத்தருக்கொருத்தர் அதுகூடச் சொல்லிக்கல போல" என்றார்.

ஒருவர் தன் தவற்றைக் கீழே வைத்தால் அடுத்தவருக்கும் கை லேசாகிவிடுகிறது. அன்று சண்டை போட ஆளில்லை. வண்டிகள் இன்னும் ஆறு மாதம் கோவளத்திலேயே ஓடும். இணைப்பை மேலே ஏற்றி, புது மூடி போட்டுப் பார்ப்பது. ஒருவர் செய்யும் சோதனை முடிவை மற்ற இருவருக்கும் அந்த வாரமே அனுப்பிவிடுவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதுவரை ஸ்டாண்டுக்கு நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்று வைத்துத் தருவது கல்லூரியின் பொறுப்பு.

புதன்கிழமை ராஜாராமும் கேசவனும் ஒரே காரில் கோவளம் வந்தார்கள். கேசவன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, துர்காதேவியின் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். ராஜாராம் குனிந்து டார்ச் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் சார்... ஆங், அங்கதான். தெரியுதா?" என்றார் கேசவன் அடியிலிருந்து.

"தெரியுது. ஒரு விரல்கடை மேல ஏத்தினாலே போதும் போலருக்கே."

"ரெண்டு ஏத்துங்க. மழைக்காலம் வருது."

துர்காதேவி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். "சார், படுத்துகினே பேசிகினு இருந்தா எப்படி? கேளம்பாக்கம் சவாரி நின்னுகினு கீது, சீக்கிரம் மாட்டிக் குடு!"

"ரெண்டே நிமிஷம்மா" என்று இருவரின் குரலும் சேர்ந்து வந்தன.