வாயை மூடிய இருபது நிமிடம்

கிராக்ஸ்டன் டவுன் கால்பந்து கிளப்பில் டோரீன் ஹாக்ஸ்வர்த்துக்கு ‘வீரர் நல அலுவலர்’ என்று பதவி. செய்கிற வேலை என்னவோ ஆயா வேலைதான். பதினெட்டு, பத்தொன்பது வயதுத் தடியன்களைக் காலையில் போன் போட்டு எழுப்ப வேண்டும். பல் டாக்டரிடம் நேரம் வாங்க வேண்டும். பாஸ்போர்ட்டைத் தொலைத்தால் தேடித்தர வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதையே செய்ததில், இங்கிலாந்துக் கால்பந்து என்றாலே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

வருஷத்துக்கு ஒருவன் வருவான். உள்ளூர்ப் பத்திரிகை அவனை ‘இங்கிலாந்தின் நாளை’ என்று கொட்டை எழுத்தில் போடும். பதினேழு வயதில் பளபளவென்று ஒரு கார் வரும். இருபத்தொன்றில் அவன் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அப்படிப்பட்ட ‘நாளை’களில் ஒருவன் இப்போது டோரீன் வீட்டுக்கே பார்சல் கொண்டுவந்து கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போகிறான். இன்னொருவன் லீட்ஸில் சோபா விற்கிறான். ஏன் இப்படி ஆகிறது என்று கிளப்பில் வருஷா வருஷம் கூட்டம் போடுவார்கள். பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, ஒரு தட்டு பிஸ்கட்டைக் காலி செய்து, ‘பையனுக்கு வெறி போதவில்லை’ என்று எழுதிவைத்துவிட்டு எழுந்து போவார்கள். இந்த மூளைகளுக்குச் சம்பளம் வேறு.

இந்த வருஷத்து ‘நாளை’ ரீஸ் ஸ்டாக்டேல், வயது பத்தொன்பது. அவனை எட்டு வயதில் மழைச் சேற்றில் பார்த்தது டோரீனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான்கு பையன்களைத் தாண்டினான். பிறகு என்ன தோன்றியதோ, திரும்பி வந்து முதலாமவனை இன்னொரு தரம் தாண்டினான். டோரீன் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இளைஞர் பயிற்சியாளர் நெவில் டார்டாஃப், சுருக்கமாக நெவ், மட்டும் மைதானக் கோட்டோரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினான்.

“தூக்கி அடி! தூக்கி அடிடா! என்ன வித்தையா காட்டுற!”

இந்த நாட்டில் குழந்தைக்குப் பந்து கிடைத்த அன்றே காதில் விழுகிற மந்திரம் அது. பந்தை வைத்துக்கொண்டு யோசிக்காதே, எங்கேயாவது தூக்கி அடித்துத் தொலை. அப்படியும் காலில் வைத்திருப்பவனுக்கு நெவ் ஒவ்வொரு விநாடியும் உத்தரவு போடுவான். திரும்பு, நில், கொடு, பின்னால் ஆள். பதினோரு வருஷம் ரீஸ் அதைக் கேட்டே வளர்ந்தான். இடது காலில் பந்து இன்னும் நாய்க்குட்டி மாதிரி ஒட்டிக்கொண்டுதான் கிடந்தது. கழுத்துக்கு மேலே இருந்தது மட்டும் நெவ்வுடையதாகிவிட்டது.

அன்று காலையும் ரீஸிடமிருந்து போன் வந்தது.

“டோரீன், வீட்ல ஹீட்டர் வேலை செய்ய மாட்டேங்குது. விறைச்சுப் போறேன்.”

“சுவத்துல இருக்கிற பொத்தான அமுக்குனியா?”

“எந்தப் பொத்தான்?”

“இருக்கிறதே ஒண்ணுதான்டா ராசா.”

சுவரைத் தடவுகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டான்: “அப்ப அமுக்கவா?”

வேறொரு நாளாக இருந்திருந்தால் டோரீன் நன்றாகத் திட்டியிருப்பாள். அன்று முடியவில்லை. ஜூன் மாதத்தோடு ரீஸின் ஒப்பந்தம் முடிகிறது, கிளப் அதை நீட்டிக்கப் போவதில்லை. அவனுக்கு மட்டும்தான் இது தெரியாது. ஜெர்மனியில் இரண்டாம் பிரிவில் ஆடும் ஒரு சின்னக் கிளப்பிலிருந்து வீப்கே ஹார்ம்ஸ் என்ற பெண்மணி அன்றைக்கு அவன் ஆட்டத்தைப் பார்க்க வருகிறாள். அவளுக்குப் பிடித்தால் ஆகஸ்டிலிருந்து அங்கே வாராவாரம் களமிறங்குவான். பிடிக்காவிட்டால் பார்சல் வண்டிதான். எத்தனையோ பேரைக் கைகழுவியிருக்கிறாள் டோரீன். இவனை மட்டும் அவளால் முடியவில்லை, எட்டு வயதில் அவளைச் சிரிக்கவைத்தவன் என்பதால்.

வீப்கே ரயிலில் வந்து, நிலையத்திலிருந்து மழையில் நடந்தே வந்தாள். கால்பந்தில் இருக்கிற ஒருத்தி நடந்து வருவதா என்று நெவ்வுக்கு அப்போதே அவள் மேல் மதிப்புப் போய்விட்டது. அரை மணி நேரம் பயிற்சியைப் பார்த்தாள். அவள் கண் பெரும்பாலும் ரீஸின் மேல் இல்லை, கத்திக்கொண்டிருந்த நெவ்வின் மேல்தான் இருந்தது. பிறகு அருகில் வந்தாள்.

“ஒரு உதவி வேணும் மிஸ்டர் டார்டாஃப். இருபது நிமிஷம் ரெண்டு அணியா பிரிச்சு ஆடவிடுங்க. கோட்டுக்கு வெளிய யாரும் பேசக் கூடாது.”

“யாரும்னா?”

“நீங்களும்தான்.”

“அப்புறம் நான் எதுக்கு இங்க நிக்கிறேன்?”

“அதைத்தான் நானும் யோசிச்சுட்டு இருந்தேன்,” என்றாள் வீப்கே, மரியாதையாகத்தான்.

டோரீனுக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இங்கே சிறுவர் ஆட்டங்களில் வருஷத்துக்கொரு முறை ‘மௌன வாரம்’ என்று வைத்து, கத்துகிற அப்பன்களின் வாயில் ஆளுக்கொரு குச்சி மிட்டாயைத் திணிப்பார்கள். அதில் மிஞ்சியது ஒரு பை அவள் அலமாரியில் கிடந்தது. கொண்டுவந்து நெவ்வுக்கும் அவன் உதவியாளர்கள் இருவருக்கும் ஒவ்வொன்று கொடுத்தாள்.

“வாயில போட்டுக்க நெவ். நாடே உனக்குக் கடமைப்படும்.”

“வாய மூடு டோரீன்.”

“நானா மூடணும்?”

ஆட்டம் தொடங்கியது. மழைச் சத்தமும் பூட்ஸ் சத்தமும் தவிர ஒன்றுமில்லை. இருபத்திரண்டு பையன்களும் சாமி வராத சாமியாடிகள் போல முழித்தார்கள். பந்து ரீஸுக்கு வந்தது. அவன் கோட்டோரத்தைப் பார்த்தான். அங்கே மிட்டாய் சப்பும் மூன்று வாய்கள். பந்தைப் பின்னால் தட்டிவிட்டான். மறுபடி வந்தது, மறுபடி பார்த்தான், மறுபடி பின்னால். ஐந்தாவது முறையும் அதேதான். வீப்கே தன் நோட்டில் ஏதோ எழுதினாள். நெவ்வின் மூஞ்சி பீட்ரூட் நிறத்துக்கு வந்திருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட டோரீனால் முடியவில்லை.

பதினெட்டாவது நிமிடத்தில் பந்து யார் காலிலோ பட்டு ரீஸின் முன்னால் வந்து விழுந்தது. யோசிக்க நேரம் இல்லாததால் அவன் யோசிக்கவில்லை. ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்டினான். அந்த எட்டு வயதுப் பயல் திரும்பி வந்துவிட்டான். எதிரே கோல்கீப்பர் மட்டும்தான், அவனும் முன்னால் ஓடி வந்துவிட்டான். வலப்பக்கம் சக ஆட்டக்காரன் ஒருவன் தனியாக நின்றான். இனி எதைச் செய்தாலும் கோல்தான்.

ரீஸ் பந்தின் மேல் காலை வைத்து நின்றான். கோட்டோரத்தைப் பார்த்தான்.

ஒரு விநாடி போயிற்று. பின்னாலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ரீஸின் கண் நெவ்விடமிருந்து டோரீனிடம் தாவியது. காலையில் போனில் கேட்டானே, அதே கேள்விதான் அந்த முகத்தில். ஜூன் மாதத்தை நினைத்தாள் டோரீன். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். தன் தொண்டையிலிருந்து வந்த சத்தம் அவளுக்கே நெவ்வின் குரல் போலக் கேட்டது.

“தூக்கி அடிடா!”

ரீஸ் தூக்கி அடித்தான். பந்து கீப்பரின் தலைக்கு மேலே நிதானமாக ஏறி, நிதானமாக இறங்கி, வலைக்குள் போய் உட்கார்ந்தது. அந்த மைதானத்தில் பத்து வருஷமாக யாரும் அப்படி ஒரு கோலைப் பார்த்ததில்லை.

நெவ் மிட்டாயைத் துப்பிவிட்டுக் குதித்தான். “பாத்தீங்களா! பாத்தீங்களா மேடம்! இங்கிலாந்துலயே இப்படி ஒருத்தன் கிடையாது!”

“பிரமாதமான கோல்,” என்றாள் வீப்கே. நோட்டை மூடி மழைக்கோட்டுக்குள் வைத்தாள். “ஆனா எங்க ஊர்ல கோட்டுக்கு வெளிய இந்தம்மா நிக்க மாட்டாங்களே.”

டோரீனிடம் கை நீட்டினாள். அந்தக் கையில் கோபம் இல்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு மழையில் நடந்து போனாள்.

இத்தனை வருஷம் நெவ்வைத் திட்டியதெல்லாம் டோரீனின் நெஞ்சில் வரிசையாக வந்து நின்றது. அவன் கத்தினான், சரி. காலையில் எழுப்பிவிட்டது யார்? பொத்தானை அமுக்கச் சொன்னது யார்? பதினோரு வருஷமாக இந்தப் பிள்ளையை ஒரு தடவையாவது தானாகத் தடுக்கி விழ விட்டாளா? அவளுக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

ரீஸ் முகமெல்லாம் சேறும் சிரிப்புமாக ஓடி வந்தான்.

“சரியா அடிச்சேனா டோரீன்?”

“அதை நீதான்டா சொல்லணும்,” என்றாள்.

அவன் சிரித்தபடியே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் சொல்வதற்காகக் காத்து நின்றான்.