மாமரத்தடியில் விலகிய வரப்பு

கருப்பண்ணனுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒவ்வொரு உழவின்போதும் தங்கை ராமக்காளின் நிலத்துப் பக்கமாக வரப்பைக் கொஞ்சம் வெட்டித் தள்ளிவிடுவார். அதுவும் அவள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, மாமரத்துக்கு அந்தப் புறம் உள்ள பாதியை மட்டும். நினைத்தால் கூச்சமாகத்தான் இருக்கும். அடுத்த உழவுக்குள் மறந்துவிடுவார். இப்படியே வரப்பு மாமரத்தடியில் ஒரு முழம் விலகிக் கிடந்தது.

எண்பத்து நான்கில் நிலம் நடுங்கியபோது, அதே மாமரத்தடியில் வரப்பைக் குறுக்கே அறுத்துக்கொண்டு பூமி வெடித்தது. பாப்பாரப்பட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். கருப்பண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. வெள்ளிக்கிழமை அவர் மகனுக்கும் ராமக்காள் மகளுக்கும் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. வரப்பு சங்கதி வெளியே வந்தால் சம்பந்தமே போய்விடும்.

நிலவியல் அதிகாரி சின்னப்பராஜ் டேப்போடு ஜீப்பில் வந்து இறங்கினார். வெடிப்பை எட்டிப் பார்த்தவர் வரப்பைக் கண்டதும் துள்ளினார்.

“பூமி நகர்ந்ததுக்கு இந்த வரப்புதாங்க சாட்சி! முன்னாடி நேராத்தானே இருந்துச்சு?”

கருப்பண்ணன் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

“நூல் புடிச்ச மாதிரி இருந்துச்சுங்க சார். ஒரே ஆட்டத்துல இழுத்துப் போட்டுருச்சுங்க,” என்றார், பக்கத்தில் நின்ற தங்கையைப் பாராமல்.

சின்னப்பராஜ் அதோடு விடவில்லை. பூமி நகர்ந்தால் அதன்மேல் உள்ளதெல்லாம் சேர்ந்துதானே நகர வேண்டும்? கோடியில் எல்லைக்கல் இருக்குமே என்று தேடிப் போய், கருப்பண்ணன் வயலுக்குள் குவிந்திருந்த கேழ்வரகுத் தாளை விலக்கினார். கல் நட்ட இடத்தில் நட்டபடி நின்றது. வரப்புதான் அதைத் தாண்டி ஒரு முழம் போயிருந்தது.

“பூமி நகரலீங்க,” என்றார் அவர், டேப்பைச் சோர்வாகச் சுருட்டிக்கொண்டே. “வெடிப்பை மட்டும் எழுதிக்கிறேன். வரப்பு எங்க இலாகா இல்லீங்க.”

ஜீப் போயிற்று. கருப்பண்ணனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ஏண்ணா இப்பிடி வேர்க்குது?” என்றாள் ராமக்காள். “எனக்குத் தெரியாதாக்கும்? எம்பொண்ணு வாழப்போற வூடு. அவளுக்கு முன்னாடியே நெலம் போயி எடம் புடிச்சு வெச்சிருக்குதுன்னு சும்மா இருந்தேன்.”

கருப்பண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஆனா ஒண்ணு. பூமி ஒருக்கா திருப்பி ஆடணும். அப்பறந்தான் தட்டு.”

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கருப்பண்ணன் மாமரத்தடியில் குனிந்து வரப்பைத் தன் பக்கமாக வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். சொம்பில் மோரோடு வந்து நின்றாள் ராமக்காள்.

“மெதுவா ஆடுங்கண்ணா,” என்றாள். “இடுப்புப் புடிச்சுக்கப் போவுது.”