நாலாவது பெயர்

மதரசா அலுவலகத்துக் கணினியில் ஒரு பெயரை அழித்த அன்று காலை பத்தேகால் மணிக்கு, கீழ்க்கூடத்துப் பையன்களும் மாடிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுமாக எண்பத்தாறு பேர் மனப்பாடம் ஓதிய இடத்திலேயே நின்றுபோனார்கள். ஒருவன் வசனத்தின் நடுவில் நின்றான், ஒருத்தி சொல்லின் பாதியில் நின்றாள். குர்ஆனை விரித்துக் கொடுத்தால் பார்த்து ஓத முடிந்தது, மூடினால் ஒரு எழுத்துகூட வரவில்லை. நாலே முக்காலுக்கு, அஸர் தொழுகை முடிந்த கையோடு, எல்லோருக்கும் திரும்ப வந்துவிட்டது. இடைப்பட்ட நேரத்தில் பிள்ளைகளுக்குப் பசித்தது, விளையாடத் தெரிந்தது, பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளவும் தெரிந்தது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

அழித்தவர் மேலாளர். அவருக்கு ஊரில் சல்லடை என்று பெயர். எதையும் ஒருமுறை சலித்துப் பார்க்காமல் நம்பமாட்டார். பால்காரர் சலாம் சொன்னால்கூட இன்றைக்கு ஏன் சத்தமாகச் சொன்னார் என்று யோசிக்கிற மனுஷன். மதரசாவுக்கு விரல் ரேகை வருகைப் பதிவு வந்ததும், பெற்றோருக்குக் கைபேசிச் செயலி வந்ததும், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணைய வகுப்பு வந்ததும் அவர் காலத்தில்தான். வந்தது ஒவ்வொன்றையும் அவர் சந்தேகப்பட்டார், சந்தேகப்பட்டுக்கொண்டே கட்டி மேய்த்தார். கடைசியாக வந்தது ஸனதுகளைக் கணினியில் ஏற்றும் வேலை. ஸனது என்பது ஓதி முடித்த பிள்ளைக்குக் கொடுக்கும் சான்று, அதில் ஒரு சங்கிலி இருக்கும். பிள்ளை இன்ன உஸ்தாதிடம் ஓதியது, அவர் இன்னாரிடம் ஓதினார், அவர் இன்னாரிடம் என்று நபிகள் நாயகம் வரைக்கும் அது போகும். இனிமேல் சான்றின் மூலையில் ஒரு கறுப்புக் கட்டம் அச்சாகும், யார் வேண்டுமானாலும் கைபேசியைக் காட்டிச் சங்கிலி முழுவதையும் பார்க்கலாம் என்று சரிபார்ப்பு வாரியம் சொல்லிவிட்டது.

பழைய தாள்களைப் பார்த்துத் தட்டச்சு செய்தவள் மேலாளரின் மச்சினி. கணவரை இழந்து அக்கா வீட்டு மாடி அறையில் இருந்தவளை மேலாளரே அலுவலகத்தில் உட்காரவைத்திருந்தார். அவள் மூன்று வாரம் தட்டினாள். நாலாவது வாரம் மேலாளர் சலிக்க உட்கார்ந்தபோது, கீழிருந்து நாலாவது இடத்தில் ஒரு பெயர் கிடந்தது. பிள்ளை, உஸ்தாது, மதரசாவை நிறுவியவர், அதற்கு மேலே தாள்களில் இருப்பது கடல்கடந்த ஒரு பெரிய ஆலிம், மார்க்க அறிஞர். கணினியிலோ நிறுவியவருக்கும் ஆலிமுக்கும் நடுவில் ‘தையற்காரர் மகள்’ என்று ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நிறுவியவர் ஒரு பெண்ணிடம் ஓதினார் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. மேலாளர் உடனே அழித்தார். பிள்ளைகள் நின்றுபோனது அப்போதுதான்.

முதலில் அவர் பிள்ளைகளைச் சந்தேகப்பட்டார், எல்லாம் சேர்ந்து லீவுக்குப் போட்ட நாடகம் என்றார். பிறகு உஸ்தாது தூண்டிவிட்டிருப்பார் என்றார். அஸருக்குப் பின் பெயர் தானாகத் திரும்பிவந்து அதே இடத்தில் உட்கார்ந்ததும் மென்பொருள்காரர்களைச் சந்தேகப்பட்டார். அவர்கள் தொலைவிலிருந்தே நோண்டிப் பார்த்துவிட்டு, இந்த வரியை யாரும் ஏற்றியதாகப் பதிவே இல்லை என்றார்கள். மறுநாள் அழித்தார், பிள்ளைகள் நின்றார்கள், பெயர் வந்தது, பிள்ளைகள் தொடர்ந்தார்கள். மூன்றாம் நாள் அழித்தபோது வெளியூரிலிருந்தும் தொலைபேசி வர ஆரம்பித்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் இங்கே ஓதிப்போன ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் பாலத்து மேலே வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதார். ஒரு கப்பல் பொறியாளர் நடுக்கடலிலிருந்து கூப்பிட்டு, மதரசாவில் யாராவது மௌத்தாகிவிட்டார்களா, யாரையாவது அடக்கம் செய்தீர்களா என்று கேட்டார். மேலாளர் எல்லோருக்கும் நல்லா தூங்கி எழுங்கள், சரியாகிவிடும் என்று சொன்னார். சரியாகிவிட்டது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். மேலாளர் கண்ணுக்கு வெளிச்சத்தில் இருந்ததும் பேய்தான். கடவுச்சொல் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவரும் மச்சினியும். தன்னைத் தானே சந்தேகப்பட்டு ஒருநாள் பார்த்தார், அது ஒத்துவரவில்லை. எனவே மச்சினி மேஜைக்கு மேலே ஒரு கண்காணிப்புக் கேமராவை மாட்டினார். அவள் அண்ணாந்து அதைப் பார்த்தாள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள், வேலையைத் தொடர்ந்தாள். கேமராவில் அவள் தட்டியதும் தண்ணீர் குடித்ததும்தான் இருந்தது. அதுவே அவருக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. இவ்வளவு ஒழுங்காக ஒருத்தி இருப்பாளா? ஒரு வியாழக்கிழமை அலுவலகச் சாவியைக் கொடுக்கச் சொன்னார்.

“அந்தப் பேரை நான் போடல மச்சான்” என்றாள் அவள்.

“அப்போ கம்ப்யூட்டருக்குத் தானா எழுதத் தெரியுமா?”

அவள் எழுந்தாள். சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். மேலாளர் கடவுச்சொல்லை மாற்றினார். அன்று ராத்திரி மனைவி சோற்றை மட்டும் வைத்தாள். உப்புக்கூட யாரும் நகர்த்தி வைக்கவில்லை. பெயர் மட்டும் எப்போதும்போல இருந்த இடத்தில் இருந்தது. அப்போதாவது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்தது, ஆனால் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

இதற்கு நடுவில்தான் அவர் மகளின் முறை வந்தது. நாலு வருஷம் ஓதியவள். வாரியத்தின் சோதனையாளர் முன்னால் முழுக் குர்ஆனையும் மூன்று நாளில் பார்க்காமல் ஓதிக்காட்ட வேண்டும். அதில் தேறி ஸனது வாங்கினால்தான் ஆசிரியைப் படிப்பில் இடம். இந்த வருஷம் தவறினால் வயது கடந்துவிடும், அப்புறம் இடமே கிடையாது. நிர்வாகக் குழுவோ ஒரே பிடியாக நின்றது. தாளில் இல்லாத ஒரு பெண்ணின் பெயரோடு சங்கிலி வெளியே போனால், அந்தக் கறுப்புக் கட்டத்தைத் தட்டிப் பார்க்கிற நாலு பேர் சிரிப்பார்கள், வாரியம் மொத்தச் சான்றையும் தள்ளிவிடும், ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்றார்கள். பெயர் இருந்தால் மகளின் ஸனது செல்லாது. பெயர் போனால் மகளுக்கு ஓத வராது. மேலாளர் இரண்டு கிலோ இளைத்தார்.

சோதனையின் மூன்றாம் நாள் முற்பகல், மகள் மாடியில் கடைசிப் பகுதியை ஓதிக்கொண்டிருந்தபோது, குழு அலுவலகத்தில் கூடியது. வாரியத்துக்குச் சங்கிலியை அனுப்பும் நேரம் பகல் பன்னிரண்டோடு முடிகிறது. செயலாளர் மேலாளரின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்பும்படி சொன்னார். செயலாளரும் இதே மதரசாவில் ஓதியவர்தான். பெயர் அழிந்த மூன்று நாளும் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லித் தொழுகை நடத்தாமல் பின்வரிசையில் நின்றவர். அதை யார் கவனித்தார்களோ இல்லையோ, சல்லடை கவனித்திருந்தார்.

மேலாளர் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். “மேல என் மக ஓதிக்கிட்டிருக்கா. நான் அழிக்க மாட்டேன். நீங்க உட்காருங்க, நீங்களே அழிங்க.”

செயலாளர் உட்கார்ந்தார். அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தார். அவருடைய உதடு மெல்ல அசைந்தது. மனசுக்குள் எதையோ ஓதி, இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அந்த மனப்பாடம் ஐம்பது வருஷமாக அவரோடு இருப்பது, அவர் தகப்பன் இறந்த அன்றும் கூட இருந்தது. விரலை எடுத்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். கண்ணாடி அவர் மூக்கின்மேல்தான் இருந்தது, ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த துணிக்கடைக்காரர் குர்ஆனின் ஒரு அத்தியாயம், ஒரு சூராகூட முழுசாகத் தெரியாதவர், அவருக்கு இழக்க ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய மகன் இங்கே ஓதிவிட்டுத் தூரதேசத்தில் தொழுகை நடத்தும் இமாமாக இருந்தான், அங்கே தொழுகை நேரம் என்ன என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு அவரும் வேண்டாம் என்றார். கடைசியில் யாரும் தீர்மானம் எழுதாமலே தீர்மானம் ஆனது. பதினொன்று ஐம்பதுக்குச் சங்கிலி இருந்தபடியே போனது.

மேலாளர் மாடிப்படி ஏறிக் கூடத்துக் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே திரைக்கு அந்தப் பக்கம் மகள் கடைசி சூராவை முடித்துக்கொண்டிருந்தாள். குரல் ஒரு இடத்திலும் இடறவில்லை. அவருக்குக் கண் கலங்கியது, பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத் துடைத்துக்கொண்டார். ஓதி முடித்த பிள்ளை தன் சங்கிலியைத் தன் வாயாலே சொல்ல வேண்டும். யாரிடம் ஓதினாய் என்று சோதனையாளர் கேட்டார்.

“எங்க சின்னம்மாகிட்ட” என்றாள் மகள்.

சோதனையாளர் தாளைப் பார்த்து, இங்கே உஸ்தாது பெயர்தானே இருக்கிறது என்றார்.

“உஸ்தாது வாரத்துல ஒரு நாள் கேப்பாங்க. மத்த ஆறு நாளும் சின்னம்மாதான். வாப்பா மதரசா கேட்டைத் திறக்கக் கிளம்பினதும் உக்காருவோம். வாப்பா சாவியை வாங்கினப்புறம் இந்த ஒம்பது நாளும் கேட்டாங்க. ஒரு நாளும் விடல.”

உஸ்தாது உள்ளே இருமினார். அந்தச் சின்னம்மாவும் பிள்ளையாக இருந்தபோது தன்னிடம் ஓதியதுதான், முழுசாக ஓதி முடித்ததுதான், சோதனைக்கு முன்னால் கல்யாணமாகிப் போய்விட்டது என்றார். சோதனையாளர் தாளை மடித்து வைத்துவிட்டு, மேலே சொல்லு மகளே என்றார். மகள் சின்னம்மாவிலிருந்து உஸ்தாதுக்கும், உஸ்தாதிலிருந்து நிறுவியவருக்கும், நிறுவியவரிலிருந்து தையற்காரர் மகளுக்கும் மூச்சு விடாமல் ஏறிப்போனாள். கதவுக்கு வெளியே நின்றவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஊரையே சலித்தவர்தான், ஆனால் தன் வீட்டில் தினம் காலையில் நடந்தது அவர் சல்லடையில் விழவே இல்லை.

வாரியம் இரண்டு மாதம் இழுத்தது, தாள் ஆதாரம் கேட்டது. உங்கள் பிரதியில் அந்தப் பெயரை அழித்துப் பாருங்கள் என்று மேலாளர் ஒரே வரியில் பதில் எழுதினார். அங்கே யாரோ அழித்துப் பார்த்திருக்க வேண்டும், ஒரு புதன்கிழமை கார் ஓட்டுநரும் கப்பல்காரரும் மறுபடி கூப்பிட்டார்கள். மறுநாளே ஒப்புதல் வந்தது, காரணம் ஒன்றும் எழுதப்படவில்லை. அதன்பிறகு அந்த வரியைப் பற்றி மதரசாவில் யாரும் பேசுவதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் தண்ணீர்க் குழாய் எங்கே, மின்விசிறி பொத்தான் எது என்று சொல்லும்போது, அதைத் தொடவேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. சோதனை முடிந்த அன்று மேலாளர் வீட்டு மாடிக்குப் போய் அலுவலகச் சாவியை நீட்டினார். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தார், சொல்லின் பாதியில் நின்றுபோனது. மச்சினி வாங்கிக்கொண்டாள். அவர் திரும்பி மதரசாவுக்கு வந்து கணினியைத் திறந்தபோது, மகளின் பெயருக்கு மேலே, உஸ்தாதின் பெயருக்குக் கீழே, ஒரு வெற்று வரி விரிந்து கிடந்தது. யார் திறந்தது என்று அவர் கேட்கவில்லை, பதிவைப் பார்க்கவில்லை, கேமராவையும் ஓட்டிப் பார்க்கவில்லை. மச்சினியின் முழுப் பெயரையும் அவள் தகப்பன் பெயரையும் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, சேமித்தார். அதோடு தையற்காரர் மகள் ஒரு படி ஏறி ஐந்தாவது ஆனாள்.