தீராத வயிற்றுவலி

“அஞ்சுக்கு எவ்ளோன்னு சொல்லணும்மா.”

“எது அஞ்சுக்கு?”

“துக்கம்மா. ஒண்ணுன்னா கொஞ்சம். அஞ்சுன்னா ரொம்ப.”

“மொத்தமே அஞ்சுதானா?”

“ஃபார்ம்ல அவ்ளோதாம்மா இருக்கு.”

“அப்ப அஞ்சே போட்டுக்கோ. மீதிய நான் வச்சிக்கிறேன்.”

சவுரியம்மாள் இதைச் சொல்லிவிட்டு முறத்திலிருந்த மல்லாட்டைக் கடலையை மறுபடி உரிக்கத் தொடங்கினார். நான் ஐந்தைச் சுற்றி வட்டம் போட்டேன். திண்டிவனத்திலிருந்து மினி பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் வரும் காலனியில், அவருடைய தொகுப்பு வீட்டுச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய மகள் ஜெசிந்தா, செருப்புக் கம்பெனியில் தையல் வேலை பார்த்தவள், இருபத்தேழு வயதில் விழுப்புரத்துப் பக்கம் கணவன் வீட்டில் தூக்கில் தொங்கிய நிலையில் கண்டெடுக்கப்பட்டு அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

நான் அங்கே போனது ஆய்வுக்காக. விழுப்புரத்தில் ஒரு செல்போன் கடையின் மாடியில் இருக்கும் பாலின ஆய்வு மையத்தில் நான் களப்பணியாளர். பெயர் செந்தாமரை. ஆய்வின் தலைப்பு ‘உயிரிழப்பில் முடியும் வன்முறை, பாலினம், துயருறும் குடும்பங்கள்’. பெண் ஒருத்தி செத்துப்போன வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய், எண்பத்து நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். துக்கத்துக்கு மதிப்பெண் கேட்பது பதினாறாவது கேள்வி.

நான் மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்து வளர்ந்தவள். மகளைப் பறிகொடுத்த தாய் என்றால் கறுப்புச் சால்வை போர்த்திக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பனி விழுவதைப் பார்த்தபடி, நான்கு பக்கத்துக்குப் பேசாமல் இருப்பாள் என்று நம்பியிருந்தேன். சவுரியம்மாள் நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருந்தார். வெளியே முப்பத்தொன்பது டிகிரி வெயில். பேசாமலும் இல்லை.

“பதினேழாவது கேள்விம்மா. இறப்புக்கான காரணம், முதல் தகவல் அறிக்கையில் உள்ளபடி?”

“வயித்து வலி.”

பதில் சொன்னது வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அவர் கணவர் ராயப்பன். அதுவரை அவர் வாயைத் திறக்கவே இல்லை.

சவுரியம்மாள் சிரித்துவிட்டார். “இத்தயும் சொல்லு. உம் பொண்ணுக்கு எப்பலேர்ந்து வயித்து வலி? பழைய கேப்பைக் கூழையும் சுட்ட கருவாட்டையும் தின்னுட்டு ஷிப்டுக்கு ஓடுனவளாச்சே. எம்பொண்ணு கல்லைத் தின்னாலும் செரிக்கும்னு ஊரெல்லாம் நீதான சொல்லிக்கினு திரிஞ்ச?”

ராயப்பன் திரும்பி என்னைப் பார்த்து உட்கார்ந்தார். என் போனில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அது அவருக்கும் தெரியும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். போனை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு பேசினார்.

“கழுத்துல கயித்துத் தடம் ஒண்ணு பாப்பா. அதுக்குக் கீழ விரல் தடம் நாலு. இந்தப் பக்கம் ஒண்ணு. நான் பார்த்தேன். ஸ்டேஷனுக்குப் போனா ரைட்டரு முன்னாடியே எழுதி வச்சிக்கினு ஒக்காந்திருக்காரு. தீராத வயித்து வலியால மனசு ஒடஞ்சி தூக்கு மாட்டிக்கிச்சு, யார் மேலயும் சந்தேகம் இல்லன்னு. என்னா சார் இதுன்னேன். அன்னிக்கு சனிக்கெழம. கையெழுத்துப் போட்டா மத்தியானத்துக்குள்ள எடுத்துக்கினு போயிடலாம், தகராறு பண்ணா நாளைக்கு டாக்டரு கெடையாது, திங்கக்கெழமதான்னாரு. சித்திரை வெயிலு. பொண்ணு கெட்டுப்போயிடுமேன்னு போட்டுட்டேன்.”

“அதுக்கப்புறம் அந்த ரைட்டரு எனக்கு ஒரு சட்டம் சொல்லிக் குடுத்தாரு,” என்றார் சவுரியம்மாள். “கல்யாணமாயி ஏழு வருசத்துக்குள்ள செத்தாதான் ஆர்.டி.ஓ. வந்து விசாரிப்பாராம். இவ ஏழு வருசம் நாலு மாசம் குடும்பம் நடத்திட்டா. எதுலயும் லேட்டுதான் அவ.”

ராயப்பன் பத்தொன்பது நிமிடம் பேசினார். மாப்பிள்ளை தென்னரசு சாவுக்கு முந்தின வாரம் போனில் என்ன மிரட்டினான் என்பதையும், ஆஸ்பத்திரி வாசலில் அவனுடைய அண்ணன் தன் தோளில் கைபோட்டு என்ன சொன்னான் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. கட்டத்தில் ‘6’ என்று எழுதினேன். ஆறு என்றால் உடல்நலக் குறைவு.

காவல் நிலையத்தில் எழுத்து வேலை பார்ப்பவரை எங்கள் பக்கம் ரைட்டர் என்றுதான் சொல்வோம். ஒரு பெண்ணின் திருமணம், நம்பிக்கைகள், உள்மனப் போராட்டம், முடிவு எல்லாவற்றையும் ஒரே வரியில் அடக்கும் எழுத்தாளர் வேறு எந்த மொழியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆறு மாதத்தில் நாற்பத்து மூன்று வீடுகளுக்குப் போனேன். பத்தொன்பது வீடுகளில் வயிற்றுவலி. மரக்காணத்துப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் செத்தவளின் அண்ணன் படிவத்தைப் பார்க்காமலே, “வயித்து வலிதான, எழுதிக்கினு போ,” என்றான். பத்தொன்பது பேரில் ஒருத்திகூட வயிற்றுவலிக்கு டாக்டரைப் பார்த்ததில்லை. மாத்திரை வாங்கியதில்லை. இதைச் சிவப்பு மையில் எழுதி, எங்கள் மைய இயக்குநர் இளவழகன் சாரின் மேசையில் வைத்தேன். சார் சிலிர்த்துப்போனார். “பேட்டர்ன்!” என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் படித்த நாவல்களில் வரும் துப்பறியும் அதிகாரிகள், நனைந்த கோட்டுகளோடு விழுப்புரத்தில் வந்து இறங்குவது போல இருந்தது.

மூன்று வாரம் கழித்து அறிக்கையின் வரைவு வந்தது. அட்டவணை ஏழின் தலைப்பு, ‘கிராமப்புறப் பெண்களின் இரைப்பை, குடல் உபாதைகளும் அகால மரணங்களும்’. அதன் கீழே பரிந்துரை. வட்டார அளவில் செரிமான நல முகாம்கள் நடத்தலாம். நார்ச்சத்துள்ள உணவு குறித்து மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி தரலாம்.

“சார், அது வயித்து வலி இல்ல சார்.”

“ஆதாரம்?”

“அவங்களே சொல்றாங்க சார். ரெக்கார்டிங் இருக்கு.”

“அது நரேட்டிவ்மா. டேபிள்ல எஃப்.ஐ.ஆர்.ல என்ன இருக்கோ அதுதான் வரும். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத. அழுகையெல்லாம் அஞ்சாவது அத்தியாயத்துல வச்சிருக்கேன், நல்லா வந்திருக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “முதல் பக்கத்தைப் பார்த்தியா? நாலாவது பேரு உன்னுது. அடுத்த வருஷம் பி.எச்டி.க்கு இதை வச்சே எடுத்துக்கிறேன் உன்னை.”

முதல் பக்கத்தைப் புரட்டினேன். இ. செந்தாமரை என்று இருந்தது. அச்சில் என் பெயரை முதல் தடவையாகப் பார்க்கிறேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அட்டவணை ஏழைப் பற்றி அதற்குப் பிறகு நான் பேசவில்லை.

அந்த மாசியில் ராயப்பன் இறந்துபோனார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார் என்று சவுரியம்மாள் போனில் சொன்னார். ஆறுதல் சொல்வது குறித்து எங்களுக்கு அரை நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதில் சொல்லிக் கொடுத்ததையே சொன்னேன். “உங்கள் உணர்வுகள் நியாயமானவை.” அதற்கு அவர், “சரிம்மா, நீ சாப்டியா?” என்றார்.

ஆகஸ்டில் அறிக்கை வெளியீட்டு விழா, விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். துயருறும் குடும்பங்களிலிருந்து ஆறு பேரை அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தோம். ஆளுக்கொரு சணல் பை, உள்ளே பேனா, குறிப்பேடு, செரிமான நலம் பற்றிய துண்டறிக்கை. சவுரியம்மாள் முதல் ஆளாக வந்திருந்தார். வந்ததும் என் கையைப் பிடித்து, “உங்கிட்ட ஒண்ணு கேக்கணும், முடிஞ்சதும் போயிடாத,” என்றார்.

பெங்களூரிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் அம்மையார் ஒருவர் திரையைக் காட்டிப் பேசினார். திரையில் பெரிய எழுத்தில், ‘மீதிய நான் வச்சிக்கிறேன். பி-14, பெண், 54’ என்று இருந்தது. இதைத் துயரத்தின் உபரி என்று அவர் வகைப்படுத்தினார். இந்த உபரிக்குள் ஒரு மௌன எதிர்ப்பு இருப்பதாகவும் சொன்னார். கைத்தட்டல்.

சவுரியம்மாள் என்னை முழங்கையால் இடித்தார். “இது நாஞ்சொன்னதாச்சே. யாரு அந்த பி-14?”

“நீங்கதாம்மா.”

“ஏன், எம்பேரு நல்லா இல்லையா?”

“பேரை வெளிய சொல்லக் கூடாதும்மா. உங்க பாதுகாப்புக்கு.”

“யாருகிட்டேர்ந்து?”

நான் திரையைப் பார்த்தேன். அடுத்த படம் வந்திருந்தது. அட்டவணை ஏழு.

தேநீர் இடைவேளையில் அவர் நேராக இளவழகன் சாரிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். சார் கையில் சமோசா இருந்தது.

“சார், எங்க வூட்டுக்காரரு பேசுனது இந்தப் பொண்ணு போன்ல கீது. அதை எனக்குக் குடுக்கச் சொல்லுங்க. திண்டிவனத்துல வக்கீல் வச்சிருக்கேன், கேஸைத் திருப்பி விசாரிக்கச் சொல்லி மனு போட. உம்புருசனே கையெழுத்துப் போட்டிருக்கான், அவனும் செத்துட்டான், இனிமே யாரு வந்து மாத்திச் சொல்லுவான்னு கேக்குறாரு. அவரே மாத்திச் சொன்னது இருக்குதே சார்.”

“அம்மா, உங்க வலி எனக்குப் புரியுது. ஆனா அது இப்ப உங்க வீட்டுக்காரர் குரல் இல்லம்மா. டேட்டா. திட்டம் முடிஞ்சதும் எல்லாப் பதிவையும் அழிக்கணும், நெறிமுறைக் குழு விதி. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அழிச்சாகணும். நீங்களே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஒப்புதல் படிவம், மூணாவது பக்கம்.”

“எங்க வூட்ல யாரு கையெழுத்துப் போட்டாலும் எங்களுக்கே வெனையா வந்து நிக்குது சார்.”

சார் மெதுவாகச் சிரித்து, பக்கத்தில் இருந்தவரிடம், “பார்த்தீங்களா, எவ்வளவு ரிச்சான மொழி,” என்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். ஒலிப்பதிவுகள் அனைத்தும் என்னால் அழிக்கப்பட்டன, நகல் எதுவும் என்னிடம் இல்லை என்று அச்சடித்திருந்தது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு. “போன்ல இருக்கிறதையும் சேர்த்தும்மா. சின்ன விஷயத்துக்கு உன் எதிர்காலத்தைக் கெடுத்துக்காத.”

மண்டபத்துக்கு வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் சவுரியம்மாள் சணல் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மணி நாலேகால். தாளை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தேன். தூரத்தில் ஒரு ரயில் கூவிக்கொண்டு போனது. நான் படித்த புத்தகங்களில் இந்த மாதிரி நேரத்தில் ஒருத்தி ரயிலைப் பார்த்தபடி ஏதாவது முடிவெடுத்துவிடுவாள். விழுப்புரத்தில் நாள் முழுக்க ரயில் போகிறது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

“தென்னரசுக்குப் பொண்ணு பார்த்துட்டாங்க, தெரியுமா? கண்டாச்சிபுரம் பக்கம். நர்சுக்குப் படிச்சிக்கினு இருக்குதாம். மொத சம்சாரம் வயித்து வலியில போயிட்டான்னு சொல்லிதான் கேட்டாங்களாம். அந்தப் பொண்ணோட அம்மா எனக்கே போன் பண்ணி, அய்யோ பாவம், எத்தினி நாளா வலின்னு கேக்குறாங்க. நான் என்னான்னு சொல்லட்டும்?”

“அம்மா, சார் சொன்னது என்னன்னா...”

“அவரு சொன்னது கெடக்கட்டும். உம் போன்ல இன்னும் கீதுல்ல?”

தலையாட்டினேன்.

“அது மட்டும் குடுத்தா பத்தாதாம் பாப்பா. பதிவு பண்ணவங்களே வந்து, நாந்தான் பண்ணேன், என் எதிருலதான் பேசுனாரு, வெட்டி ஒட்டலன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். அப்பதான் கோர்ட்டுல எடுத்துப்பாங்கன்னு வக்கீல் சொல்றாரு. ஒனக்கு வேலை போயிடும்னு எனக்குத் தெரியுது. தெரிஞ்சிதான் கேக்குறேன். எனக்கு வேற யாரும் இல்ல.” என் கையிலிருந்த தாளை அவர் பார்த்தார். அது என்ன என்று கேட்கவில்லை. “நாளைக்குப் பத்து மணிக்கு திண்டிவனம் கோர்ட்டு வாசல்ல நிப்பேன். வந்து ஒரு கையெழுத்துப் போடும்மா.”