போன் வண்டியில் இருக்கட்டும்

கப்பலூர் தொழிற்பேட்டையில் அந்த ரெடிமிக்ஸ் கான்கிரீட் பிளான்ட்டின் கேட்டுக்கு வெளியே ஐந்து பல்கர் டேங்கர் லாரிகள் வரிசையில் நின்றன. அருள்பாண்டியுடையது நான்காவது. தூத்துக்குடியில் ஏற்றிய நிலக்கரிச் சாம்பல் முப்பது டன், அவன் முதுகுக்குப் பின்னால் தொட்டியில் கிடந்தது. ஒரு வண்டியைக் காலி செய்ய ஒன்றரை மணி நேரம். முதல் வண்டி இப்போதுதான் உள்ளே போகிறது. மணி பதினொன்று. எப்படிப் பார்த்தாலும் மூன்றரை வரைக்கும் அவன் முறை வராது.

நிற்பது அவனுக்குப் புதிதல்ல. அரியலூரில் சிமெண்டு ஏற்ற ஒரு நாள் நிற்பான். பாலக்காட்டில் அதை இறக்க இரண்டு நாள் நிற்பான். வண்டி ஓடினால்தான் தினப்படி, நின்றால் ஒன்றும் கிடையாது. முன்பெல்லாம் கூட ஒரு கிளீனர் இருப்பான், பேச்சுத் துணைக்காவது ஆகும். இப்போது அந்த வேலையும் டிரைவர் தலையில்தான். ஆனால் வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டரில் நிற்பது இதுதான் முதல் தடவை.

வீடு திருநகருக்குப் பின்னால். வாடகை வீடு. மனைவி முத்துமீனா, இரண்டு வயது மகள் இசைவாணி. அவர்களைப் பார்த்து நாற்பத்தேழு நாளாகிறது. லீவு கேட்டால் கொடுப்பார்கள். கொடுத்த கையோடு வண்டியில் வேறு ஆளை ஏற்றிவிடுவார்கள். போன தடவை நான்கு நாள் லீவு போட்டுவிட்டு, அடுத்த வண்டிக்காகப் பன்னிரண்டு நாள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தான்.

பின்னால் நின்ற வண்டிக்கு நடந்தான். அதை ஓட்டுவது மேலூர் முத்திருளன். இரண்டு பேரும் ஒரே கம்பெனி. அவர் சக்கரத்து நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்.

"அண்ணே, வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துரவா?"

"போ. அதுக்கு எதுக்கு மொகரையத் தொங்கப்போட்டு நிக்கிற?"

"போனு இருக்குல்லண்ணே."

முத்திருளன் எழுந்து உட்கார்ந்தார். வண்டியில் ஒரு ஜிபிஎஸ், டிரைவர் போனில் ஒரு ஆப். இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று அரை கிலோமீட்டர் விலகினால் ஆபீஸிலிருந்து அழைப்பு வரும். முதல் தடவை என்றால் படியில் பிடிப்பார்கள். இரண்டாம் தடவை வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள். அருள்பாண்டி ஏற்கெனவே ஒரு தடவை மாட்டியிருக்கிறான். காய்ச்சலுக்கு ஊசி போடப் போன இடத்தில்.

"போன் வண்டியிலயே இருக்கட்டும். ஆபீஸ்ல கூப்பிட்டா நான் பேசிக்கிறேன்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"வெளிக்கிப் போயிருக்கான்னு."

"நாலு மணி நேரமாவாண்ணே?"

"வயித்தால போகுதுன்னு சொல்றேன். உனக்கு என்ன வந்துச்சு? போ மாப்ள."

"சீக்கிரமா முறை வந்துட்டா?"

"உன் போன்ல இருந்தே தங்கச்சிக்கு அடிக்கிறேன். எனக்கு ரீசார்ஜ் முடிஞ்சு நாலு நாளாச்சு. வர்ற காலு மட்டுந்தேன்."

அருள்பாண்டி முத்துமீனாவைக் கூப்பிட்டு, "வாரேன்" என்று மட்டும் சொன்னான். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. போனை முத்திருளன் கையில் கொடுத்தான். கேபினில் தொங்கிய ரப்பர் வாத்தை அவிழ்த்து எடுத்துக்கொண்டான். பாலக்காட்டில் வாங்கியது. அமுக்கினால் கீச்சென்று கத்தும்.

எதிரே டீக்கடை வைத்திருந்த சீனியம்மாளிடம் அவளுடைய டிவிஎஸ் எக்ஸெல் வண்டியைக் கேட்டான்.

"பெட்ரோலு யாரு போடுவா? உங்க மொதலாளியா?"

"நான் போட்டுட்டு வாரேன்க்கா."

"அந்தக் கொழாயில மூஞ்சியக் கழுவிட்டுப் போ. மாவு மில்லுக்குள்ள விழுந்து எந்திரிச்சவன் கணக்கா இருக்க. பிள்ளை பயந்துரும்."

கழுவினான். புருவத்திலும் காது மடிப்பிலும் சாம்பல் போகவில்லை.

திருமங்கலம் ரோட்டில் எக்ஸெல் அதற்கு முடிந்த வேகத்தில் போனது. சட்டைப் பையில் போன் இல்லாதது என்னவோ போலிருந்தது. தினமும் ஏழு மணிக்கு வாணி சாப்பிடும் நேரம் முத்துமீனா வீடியோவில் வருவாள். எந்த ஊரில் நின்றாலும் அந்த நேரத்துக்கு அவன் ஓரங்கட்டிவிடுவான். வாணி தட்டிலிருந்து ஒரு பருக்கைச் சோற்றை எடுத்து, "அப்பா, ஆ" என்பாள். அவன் கேபினில் உட்கார்ந்து வாயைப் பிளப்பான். அவள் சோற்றைப் போன் கண்ணாடியில் அப்புவாள். அவன் மென்று காட்டுவான். அந்தக் கையிலிருந்து ஒரு வாய் நிஜமாகவே வாங்கிவிட வேண்டும். நாற்பத்தேழு நாளாக அவன் நினைப்பு இதுதான். வேறு பெரிதாக ஒன்றுமில்லை.

வாசலிலேயே நின்றாள் முத்துமீனா. தலை வாரிப் பூ வைத்திருந்தாள். பார்த்ததும் சிரித்தாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன மாமா, இம்புட்டு எளச்சுட்டீங்க."

"போன்ல தெரியலையா?"

"போன்ல மூஞ்சிதான தெரியுது."

வாணி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். அருள்பாண்டி குந்தி உட்கார்ந்து கையை நீட்டினான். குழந்தை இன்னும் உள்ளே நகர்ந்தது.

"யாருடி இது? அப்பாதான்டி. அப்பா எங்க? காட்டு."

வாணி திரும்பி, வீட்டுக்குள்ளே பிரிட்ஜின் மேல் கிடந்த போனைக் கையால் காட்டினாள்.

முத்துமீனா சிரித்தாள். அவனும் சிரித்தான். முதலில் நிறுத்தியது அவள்தான்.

"சாம்பல் நாத்தத்துக்குத்தேன் வர மாட்டேங்குது. குளிச்சிட்டு வாங்க."

இரண்டு தடவை சோப்பு போட்டான். தண்ணீர் வெளுக்கவே நேரமாயிற்று. துவட்டும்போது நினைத்தான், இருபது நிமிஷம் தண்ணியிலேயே போச்சு. வெளியே வந்தால் அவனுடைய கம்பெனி சட்டையை முத்துமீனா வாளியில் ஊறவைத்திருந்தாள்.

"அதை ஏம்மா நனைச்ச?"

"மூணரைக்குத்தான முறைன்னீங்க. வெயிலுக்கு அரை மணி நேரத்துல காஞ்சிரும்."

கைலியோடு தரையில் உட்கார்ந்தான். முத்துமீனா தட்டில் சோறும் முட்டைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். அவன் முழங்காலை ஒட்டித் தன் முழங்காலை வைத்து உட்கார்ந்தாள்.

"கப்பலூர்ல எம்புட்டு கம்பெனி இருக்கு. இங்கயே ஒண்ணு பாக்கக் கூடாதா?"

"பாத்தேன். பன்னெண்டாயிரம்ங்கிறான். வாடகைக்கே அஞ்சு போயிரும்."

"தெனமும் வீட்டுக்கு வருவீங்கல்ல."

அவன் வாத்தை அமுக்கினான். கீச்சென்றது. பீரோ ஓரத்திலிருந்து வாணி எட்டிப் பார்த்தாள்.

"தூக்குங்க மாமா. அழுதா அழுகட்டும்."

"வேணாம். அதுவா வரட்டும்."

வாத்தைத் தள்ளித் தரையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான். வாணி ஓடி வந்து எடுத்துக்கொண்டு ஓடினாள். அமுக்கத் தெரியவில்லை. மறுபடி வந்து நீட்டினாள். அமுக்கிக் காட்டினான். இந்தத் தடவை ஓடவில்லை. அவன் காதுக்குள் எதையோ பார்த்து விரலால் சுரண்டினாள். விரலில் ஒட்டிய சாம்பலை அம்மாவிடம் காட்டி, "ச்சீ" என்றாள்.

"ச்சீதான். அப்பா ச்சீ," என்றான்.

அவன் தொடையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு வாணி தட்டுக்குள் கையை விட்டாள். ஒரு கொத்துச் சோற்றை எடுத்தாள். அவன் மெதுவாக வாயைத் திறந்தான்.

"ஆ."

அவள் அந்த வாயைப் பார்த்தாள். கை பாதி தூரம் வந்தது.

பிரிட்ஜின் மேல் போன் அடித்தது. வெளிச்சத்தில் அவனுடைய போட்டோ. தொப்பி போட்டு, வண்டிக்கு முன்னால் நின்று எடுத்தது.

"அப்பா!"

சோற்றுக் கையோடு எழுந்து ஓடினாள். பிரிட்ஜின் அடியில் நின்று இரண்டு கையையும் தூக்கி, "அப்பா, அப்பா" என்று குதித்தாள். முத்துமீனா போனை எடுத்தாள், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள். வாணி எம்பி அந்தப் போட்டோவின் வாயில் சோற்றை அப்பினாள்.

முத்துமீனா ஸ்பீக்கரை அழுத்த, சோற்றுக்குள்ளிருந்து முத்திருளன் பேசினார். "மாப்ள, உடனே கெளம்பு. முன்னாடி நின்ன ரெண்டு வண்டியையும் திருப்பிவிட்டுட்டாங்க. மழையில ஈரம் எறங்கிருச்சாம், சாம்பல் கட்டி தட்டிக் கிடக்கு. முதல் வண்டி வெளியே வந்துருச்சு, அடுத்து நீதான். டிரைவர் எங்க எங்கன்னு கேட்டு உசுர வாங்குறாங்க. கால் மணி நேரத்துல உள்ள விடலைன்னா, பின்னாடி புதுசா வந்து நிக்கிற ஆறு வண்டிக்கும் கடைசிக்குத் தள்ளி, ஆபீசுக்கும் சொல்லிருவாங்களாம்."

"வாரேண்ணே."

வைத்துவிட்டார். போட்டோ மறைந்தது. வாணி கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள்.

"கடைசிக்கே தள்ளட்டுமே, மாமா," என்றாள் முத்துமீனா.

கடைசி என்றால் நாளை. நாளை வரைக்கும் இங்கேயே இருக்கலாம். அவன் அப்படியே நின்றான். ஆபீஸுக்குத் தெரிந்தால் இது இரண்டாம் தடவை. அப்புறம் எத்தனை நாள் வேண்டுமானாலும் இங்கேயே இருக்கலாம். வாடகையை யார் கொடுப்பது?

வாளியிலிருந்து சட்டையை எடுத்துப் பிழிந்தான். கம்பெனி சட்டை இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். ஈரத்தோடு மாட்டினான். முத்துமீனா பொத்தான்களைப் போட்டுவிட்டாள். கடைசிப் பொத்தானில் அவள் விரல் கொஞ்சம் தங்கியது.

"வாணி, அப்பா போறேன்."

குழந்தை திரும்பவில்லை. போனைத்தான் தட்டிக்கொண்டிருந்தது.

போகிற வழியில் எக்ஸெலுக்குப் பெட்ரோல் போட நேரமில்லை. சீனியம்மாள் அவனைப் பார்த்தாள். பெட்ரோலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

வண்டியை உள்ளே விட்டு, குழாயை மாட்டி, சாம்பலைக் காற்றால் தள்ளும் கம்ப்ரஸரைப் போட்டான். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, மரச்சுத்தியலால் தொட்டியின் அடிவயிற்றைத் தட்டிக்கொண்டே போனான். தட்டினால்தான் ஓரத்தில் ஒட்டியது இறங்கும். குழாய் மூட்டிலிருந்து கசிந்த சாம்பல் ஈரச் சட்டையில் சேறாக அப்பியது.

கைக்கு உதவியாக உள்ளே வந்திருந்த முத்திருளன் அவன் தோளைத் தொட்டுப் போனை நீட்டினார். அதிர்ந்துகொண்டிருந்தது. வீடியோ.

அருள்பாண்டி டயருக்குப் பின்னால் போய் எடுத்தான். வாணி. கண்ணில் நீர் காய்ந்திருந்தது. அக்குளில் வாத்து. அவனைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. ஏதோ சொன்னாள். கம்ப்ரஸர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். வாத்தைத் தூக்கிக் காட்டினாள், தானாகவே அமுக்கினாள். அப்புறம் குனிந்து தட்டிலிருந்து ஒரு கொத்துச் சோற்றை எடுத்துக்கொண்டு நேராக அவனை நோக்கி வந்தாள்.

அவன் துண்டைக் கீழே இழுத்தான்.

முத்திருளன் கையை ஆட்டிக் கத்துவது தெரிந்தது. வாயை மூடச் சொல்கிறார். சுற்றிலும் சாம்பல் பறந்தது. நாக்கில் படிந்தது, பல்லிடுக்கில் நறநறத்தது.

சோறு கண்ணாடியை மறைக்கும்வரை அவன் வாயைத் திறந்தபடியே வைத்திருந்தான். அப்புறம் மென்றான்.